திறந்தவெளி ஜாஸ் மேடையில் ரிப்பன் மைக்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே, ஏறத்தாழ 2 மைக்ரான் தடிமனில், மடிப்பு மடிப்பாக நெளிக்கப்பட்டு, இலேசான இழுவிசையில் தொங்கும் அலுமினியத் தகடு ஒன்றுதான் ரிப்பன் மைக்கின் உயிர்நாடி. மற்ற மைக்குகளைப் போல அது ஓர் அடைத்த அறையின் மேல் போர்த்திய சவ்வாக இல்லாமல் இரு புறமும் திறந்தே இருப்பதால், காற்றுத் துகள்கள் நகரும்போது தானும் கூடவே நகர்கிறது. இதிலிருந்து இரண்டு குணங்கள் பிறக்கின்றன. ஒன்று, ஒலியலைக்கு எவ்வளவு இளகிக் கொடுக்கிறதோ அதே அளவுக்கு வீசும் காற்றுக்கும் அது இளகிக் கொடுக்கும். மற்றொன்று, முன்பக்கத்தைக் கேட்பது போலவே பின்பக்கத்தையும் கேட்கும். பக்கவாட்டிலோ ஏறக்குறையச் செவிடு; இப்படிக் கேட்கும் வடிவத்தை ‘எட்டு வடிவம்’ என்பார்கள். திறந்தவெளியில் இந்த மைக்குகளோடு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையே வேராகக் கொண்டவை. ஆகவே கன்சோல் எனும் ஒலிக்கலவை மேசையில், அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவைத் திருகுவதற்கு முன் மேடைக்கு நடந்து போய், மைக் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவதே இந்த வழிமுறையின் முதல் படி.

ஜாஸ் விழாக்கள் பலவும் கடலோரத்தில் நடப்பது ஒலிப் பொறியாளரின் தலையெழுத்து என்றே சொல்ல வேண்டும். 1954இல் தொடங்கிய அமெரிக்காவின் நியூபோர்ட் விழா இன்று நடக்கும் ஃபோர்ட் ஆடம்ஸ் கோட்டை, நாரகன்செட் வளைகுடாவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். கோடைப் பிற்பகல்களில் தென்மேற்கிலிருந்து கடற்காற்று எழும்புவது படகு ஓட்டுபவர்கள் விரும்பி எதிர்பார்க்கும் விஷயம். 1960இலிருந்து பிரான்சின் ழுவான்-லெ-பான் நகரில் நடக்கும் விழாவுக்கு மேடையின் முதுகுப்புறமே மத்தியதரைக் கடல். கீழே உள்ளவை இத்தகைய மேடைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

அடியில் உறுமல் கேட்கிறது. இடையிடையே ‘தொப்’ என்று வெடிக்கிறது

திறந்தவெளியில் முதலில் வரும் புகார் இதுதான். ஆனால் இந்த ஒரே ஒலிக்கு நான்கு காரணங்கள் இருக்கக்கூடும் என்பதால், அவற்றைப் பிரித்தறியாமல் எதையும் மாற்ற வேண்டாம். யாரும் வாசிக்காதபோது அந்த மைக்கை மட்டும் ஹெட்ஃபோனில் தனியாகக் கேட்கவும். உறுமல் அலையலையாக ஏறி இறங்கினால் அது வீசும் காற்று. படபடவென்று துணி அடிக்கும் ஓசையாக இருந்தால், மைக்கின் பின்முகம் மேடைக் கூரையின் தார்ப்பாயைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சப்வூஃபர் ஒலிக்கும்போது மட்டும் எழுந்தால், உள்ளீடற்ற மேடைப் பலகை வழியே அதிர்வு ஸ்டாண்டில் ஏறுகிறது. மூன்றும் இல்லாமல், வாசிப்பவர் ஒரு சுரத்தைத் தொடங்கும் கணத்தில் மட்டும் ‘தொப்’ என்று வந்தால், அது அவர் வாத்தியத்திலிருந்து வரும் மூச்சு.

வீசும் காற்று என்றால், மெல்லிய டிஷ்யூ தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து, மைக் இருக்கும் உயரத்தில் ஸ்டாண்டில் ஒட்டிப் பார்க்கவும். தாளின் நுனி தூக்கிப் பறந்தால், எவ்வளவு உயர்ந்த மைக்காக இருந்தாலும் அந்த இடத்தில் வெறும் வலையோடு நிற்கக் கூடாது. மைக்கின் மேல் நேரடியாக இறுக்கிப் போடும் ஃபோம் உறை ஓரளவே உதவும். உறைக்கும் மைக்குக்கும் நடுவே காற்று அசையாமல் தேங்கி நிற்கும் இடைவெளி உள்ள கூடை வகைத் தடுப்பு, அதன் மேல் ரோம உறை என்ற அமைப்பே உண்மையில் வேலை செய்யும். ரோம உறை மேல் அதிர்வெண்களைச் சற்று மட்டுப்படுத்தும். அதற்கு அஞ்ச வேண்டாம், பிறகு கன்சோலில் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பலரும் இந்த இடத்தில் அடி அதிர்வெண்களை வெட்டும் கன்சோலின் ஹை-பாஸ் ஃபில்டரை 100 ஹெர்ட்ஸில் போட்டு, உறுமல் மறைந்ததும் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். ஸ்பீக்கரில் உறுமல் மறைந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஃபில்டர் இருப்பது கேபிளின் மறுமுனையில். இந்த முனையில் தகடு காற்றில் தொடர்ந்து அடிபட்டுக்கொண்டே இருக்கிறது, பலத்த வீச்சு ஒன்று வந்தால் இழுபட்டுத் தொய்ந்தும் போகும். நோய் இருக்க வலியை மட்டும் மறைக்கும் மாத்திரை அது. காற்றுத் தடுப்பைப் போட்ட பிறகு, எஞ்சியதை அகற்றவே ஃபில்டரைப் பயன்படுத்தவும்.

கூரைத் துணியின் ஓசை டிரம்ஸுக்கு மேலே தொங்கும் ஓவர்ஹெட் மைக்குகளில்தான் மிகுதி. அவற்றின் முன்முகம் சிம்பலைப் பார்க்கும்போது பின்முகம் நேரே கூரையைப் பார்க்கிறது. கூரையில்லாத மேடையில் இதுவே பெரும் வரம். தாழ்ந்த விதானத்தில் பட்டுத் திரும்பும் ஒலி எதுவும் இல்லாமல், கோல்ஸ் 4038 போன்ற மைக்குகள் சிம்பலைக் காது கூசாமல், வழுவழுப்பாகத் தரும். கூரை உண்டென்றால் மைக்கைச் சற்றுச் சாய்த்து, பின்முகம் துணியை விட்டுத் திறந்த வானத்தை நோக்கும்படி செய்யவும்.

மூச்சு வெடிப்புக்கு மருந்து கோணம். ட்ராம்போனின் வாய்க்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் மைக் நின்றால், ஓங்கி ஊதும் ஒவ்வொரு சுரத்திலும் காற்றுக் கட்டி ஒன்று தகட்டின் அகலப் பக்கத்தில் மோதும். மைக்கை 40 முதல் 50 செண்டிமீட்டர் வரை பின்னுக்கு இழுத்து, வாத்தியத்தின் அச்சிலிருந்து சற்று மேலோ பக்கமோ விலக்கி, காற்று தகட்டைத் தாக்காமல் அதன் ஓரமாகக் கடந்து போகும்படி வைக்கவும். புல்லாங்குழலில் வாயிலிருந்து வரும் காற்றோட்டம் துளைக்கு மேலாக நேரே முன்னால் பாய்வதால், மைக் அந்தப் பாதைக்கு மேலே இருந்து கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். கிக் டிரம்மின் முன்தோலில் வெட்டிய ஓட்டைக்கு எதிரே ரிப்பன் மைக்கை நான் வைக்க மாட்டேன். அந்த இடம் உறுதியான டைனமிக் மைக்குக்கு உரியது.

ஃபீட்பேக் சீக்கிரமே வந்துவிடுகிறது

ரிப்பன் மைக் என்றாலே ஸ்பீக்கர் ஒலியைத் திரும்ப வாங்கி ஊளையிடும் என்ற பேச்சு மேடைப் பணியாளர்களிடையே உண்டு. எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக வரும் ஒலியில் எட்டு வடிவ மைக் ஏற்றுக்கொள்ளும் பங்கும், முன்பக்கத்தையே பெரிதும் கேட்கும் கார்டியாய்டு மைக் ஏற்றுக்கொள்ளும் பங்கும் ஒன்றேதான், மூன்றில் ஒரு பங்கு. குற்றம் மைக்கின் மேல் இல்லை, வாசிப்பவர் தன் ஒலியைக் கேட்பதற்கான மானிட்டர் ஸ்பீக்கர் கிடக்கும் இடத்தில் இருக்கிறது. கார்டியாய்டு மைக்குக்குப் பழகிய கை, மானிட்டரை மைக்கின் நேர் பின்னால் போடும். அங்கேதான் அந்த மைக் செவிடு. எட்டு வடிவ மைக்குக்கோ அந்த இடத்தில் முழுக் காது திறந்திருக்கிறது.

எனவே வாசிப்பவருக்கு எதிரே கிடக்கும் மானிட்டரை அவருடைய பக்கவாட்டுக்கு, மைக்கிலிருந்து பார்த்தால் 90 பாகையில் வருமாறு நகர்த்தவும். நகர்த்த இடமில்லையென்றால் மைக்கைச் சாய்க்கவும்: தகடு கிடக்கும் தளத்தை மனத்தால் நீட்டினால் அது மானிட்டரின் கூம்பைத் தொட வேண்டும், அதாவது மைக்கின் முகம் இல்லாமல் விளிம்பு மானிட்டரைப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருக்க, உதவியாளர் மைக்கை மெதுவாகச் சாய்த்துக்கொண்டே வந்தால், மானிட்டர் ஒலி திடீரென்று அமுங்கும் ஒரு கோணம் கிடைக்கும். அந்த அமுக்கம் மிகக் கூர்மையானது. ஐந்து பாகை தவறினாலும் பலன் குறைந்துவிடும் என்பதால், கண்டதும் ஸ்டாண்டின் திருகை இறுக்கி, டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளவும்.

ஒன்றை மறந்துவிட வேண்டாம். பேயர்டைனமிக் எம் 160 ரிப்பன் மைக்கேயானாலும் எட்டு வடிவம் இல்லை, முன்பக்கம் சார்ந்த ஹைப்பர்கார்டியாய்டு. அது செவிடாக இருக்கும் இடம் 90இல் இல்லை, 110 பாகைக்கு அருகில். மானிட்டர் சற்றே பின்னால் இருக்க வேண்டிய மேடைக்கு அது நல்ல தேர்வு.

பக்கவாட்டில் சைடு-ஃபில் ஸ்பீக்கர் உள்ள பெரிய மேடையில் மேற்சொன்ன ஏற்பாடு இயல்பாகவே அமைந்துவிடும். முன்வரிசை ரசிகர்களுக்காக மேடை விளிம்பில் வைக்கும் சிறு ஸ்பீக்கர்களின் முதுகுதான் மைக்கின் பின்முகத்துக்கு எதிரே இருக்கும். அவற்றின் அளவை உயர்த்தும் முன் காற்றுக் கருவிகளின் மைக்குகளை ஒருமுறை கேட்டுப்பார்க்கவும்.

டிரம்ஸின் ஒலி திடீரென்று சோகையாகிறது

சாக்ஸஃபோன் மைக்கைத் திறந்தால் ஸ்னேர் மெலிகிறது, மூடினால் தேறுகிறது என்றால், சாக்ஸஃபோன் மைக்கின் வழியே டிரம்ஸும் உள்ளே வந்து, டிரம்ஸின் சொந்த மைக்குகளோடு மோதுகிறது. ரிப்பனின் பின்முகத்தில் நுழையும் ஒலியின் துருவம் தலைகீழாக (அலையின் ஏற்றம் இறக்கமாக) இருக்கும். டிரம்ஸ் எந்த முகத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்தும் தூரத்தைப் பொறுத்தும் சில அதிர்வெண்கள் அழிகின்றன. கன்சோலில் அந்தச் சேனலின் துருவ மாற்றிப் பொத்தானை அழுத்திப் பார்க்கவும். இரண்டு நிலைகளில் எதில் ஸ்னேரும் கிக்கும் தடிப்பாகக் கேட்கின்றனவோ அதில் விடவும். இது தற்காலிக ஒட்டுதான். சரியான தீர்வு, டிரம்ஸ் மைக்கின் செவிட்டுப் பக்கத்தில் வரும்படி வாசிப்பவரையும் மைக்கையும் சேர்த்தே கால் வட்டம் திருப்புவது. சிறு குழுவில் வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்து அரைவட்டமாக நிற்க விரும்புவார்கள். அந்த அமைப்பு எட்டு வடிவத்துக்கு மிகவும் தோது. டபுள் பேஸின் பாலத்துக்கு எதிரே ஒன்றரைச் சாண் தூரத்தில் நிற்கும் ரிப்பன், டிரம்ஸுக்கு விளிம்பைக் காட்டி நின்றால், பக்கத்திலேயே சிம்பல் அடித்தாலும் பேஸ் தனித்துக் கேட்கும்.

ராயர் ஆர்-121இல் தகடு நடுவில் இல்லாமல் முன்பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் நெருக்கத்தில் பின்முகம் சற்றுப் பளிச்சென்று ஒலிக்கும். கிட்டார் ஆம்ப் மங்கலாக இருக்கிறதென்று மைக்கைத் திருப்பி வைத்தால், துருவத்தையும் கன்சோலில் திருப்ப வேண்டும்.

ஒலி வருகிறது, ஆனால் பலமில்லை. கெயினை ஏற்றினால் இரைச்சல்

எம் 160 ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு 1 மில்லிவோல்ட் தருகிறது. நியூமன் கேஎம் 184 போன்ற கண்டென்சர் மைக் அதே அழுத்தத்துக்கு 15 மில்லிவோல்ட் தருகிறது. வித்தியாசம் 23 டெசிபலுக்கு மேல். ஆகவே கெயின், அதாவது பெருக்கம், அதிகம் கேட்பது நோயாகாது, மைக்கின் இயல்பே அதுதான். ட்ரம்பெட் முன்னால் இது ஒரு பொருட்டே இல்லை. பிரஷ் கொண்டு வாசிக்கும் ஸ்னேரிலும் விரலால் மீட்டும் பேஸிலும்தான் இரைச்சல் தலைதூக்கும். கன்சோல் மைக் கேபிள் வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான பான்டம் பவரில் ஓடும் சிறிய இன்லைன் பூஸ்டர் ஒன்றை மைக்குக்கு அருகிலேயே இணைத்தால் 20 டெசிபலுக்கு மேல் சுத்தமான கெயின் கிடைக்கும். பான்டமையும் அது தன்னோடு நிறுத்திக்கொண்டு மைக்குக்குப் போகவிடாது.

நேற்று ஒத்திகை அறையில் நன்றாக ஒலித்த மைக், விழா மேடையில் மட்டும் மெலிந்து, அடி அதிர்வெண்களின் தன்மையும் மாறி ஒலித்தால், ஸ்ப்ளிட்டரைச் சந்தேகிக்கவும். விழாக்களில் ஒரே மைக்கின் சமிக்ஞை பிரதான கன்சோல், மானிட்டர் கன்சோல், ஒளிபரப்பு வண்டி என்று மூன்று இடங்களுக்குப் பிரிகிறது. அங்கெல்லாம் மைக் ஒலியை முதலில் பெருக்கும் ஒவ்வொரு ப்ரீஆம்பின் உள்ளீட்டு மின்மறுப்பும் 2 கிலோ-ஓம் என்று வைத்துக்கொண்டால், மூன்றும் இணையாகச் சேர்ந்து மைக்கின் கண்ணுக்கு வெறும் 670 ஓம் அளவாகத் தெரியும். 300 ஓம் வெளியீடுள்ள ரிப்பன் மைக்குக்குக் குறைந்தது 1500 ஓம் சுமை வேண்டும் என்பது பொது விதி. ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் பூஸ்டரைப் போட்டால் இந்தச் சிக்கலும் சேர்ந்தே தீரும். என் கருத்தில், விழா மேடைக்கு ரிப்பன் மைக் கொண்டு செல்பவர் மைக் ஒன்றுக்கு ஒரு பூஸ்டர் எடுத்துச் செல்வது ஆடம்பரமாகாது.

ஒலியே வரவில்லை

ராயர் ஆர்-122 போன்ற ஆக்டிவ் வகையா என்று முதலில் பார்க்கவும். அவற்றுக்குப் பான்டம் பவர் கட்டாயம் வேண்டும். இன்லைன் பூஸ்டர் இருந்தாலும் அப்படியே. இரண்டும் இல்லாத சாதாரண வகையென்றால் பான்டம் தேவையில்லை. நல்ல கேபிளில் 48 வோல்ட் இரு கம்பிகளிலும் சமமாக நிற்பதால் தகட்டில் மின்னோட்டம் பாயாது. ஆனால் ஒரு கம்பி அறுந்தோ கவசத்தோடு ஒட்டியோ கிடக்கும் கேபிளில் சமநிலை குலைந்து, தகடு ஒரே உதையில் இழுபட்டுவிடும். விழா மேடையில் கேபிள்கள் நாள் முழுக்க மிதிபடுபவை. அதனால் அந்தச் சேனலில் பான்டமை அணைத்து, அரை நிமிடம் காத்திருந்து, சோதித்துப் பார்த்த கேபிளையே செருகவும். மூன்று கன்சோல்களில் எந்த ஒன்று பான்டமைப் போட்டாலும் அது மைக்குக்கு வந்து சேரக்கூடும் என்பதை மற்ற இரு பொறியாளர்களிடமும் சொல்லிவைக்கவும்.

மல்டிமீட்டரை மைக்கின் முனைகளில் வைத்து ஓம் அளவு பார்க்க வேண்டாம். தெரியப்போவது உள்ளிருக்கும் மின்மாற்றியின் சுருள் மட்டுமே. மீட்டர் அனுப்பும் மின்னோட்டமோ தகட்டை உதைக்கும்.

அளவு மீறிக் கனக்கிறது, அல்லது மங்கிக் கிடக்கிறது

இரண்டும் ஒரே நாணயத்தின் பக்கங்கள். அருகில் செல்லச் செல்ல அடி அதிர்வெண்கள் பெருகும் குணம் எட்டு வடிவத்தில்தான் மிக அதிகம். டெனர் சாக்ஸஃபோன் குமுறினால், ஈக்யூவில் 200 ஹெர்ட்ஸை வெட்டும் முன் மைக்கை ஒரு கை அகலம் பின்னுக்கு இழுக்கவும். முகம் வாத்தியத்தின் வாயைப் பார்க்காமல், வாய்க்கும் வாசிப்பவரின் இடது கைக்கும் நடுவே பார்க்கட்டும். உள்ளரங்கில் பின்னுக்கு இழுத்தால் அறையின் எதிரொலி நுழையும். திறந்தவெளியில் அந்தத் தொல்லை இல்லாததால் தாராளமாக விலகலாம். மங்கலுக்கு 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் 3 அல்லது 4 டெசிபல் உயர்த்தவும். ரிப்பன் மைக்குகள் இந்த உயர்த்தலைக் கரகரப்பின்றி ஏற்றுக்கொள்ளும்.

ட்ரம்பெட்டில் ஹார்மன் மியூட் எனும் ஒலியடக்கியைச் செருகி, மைல்ஸ் டேவிஸ் பாணியில் மைக்கை உரசுவது போல வைத்து வாசிப்பவர் வந்தால், ரிப்பனுக்குப் பக்கத்தில் டைனமிக் மைக் ஒன்றையும் நிறுத்தி, மியூட் வாசிப்பை அதில் வாங்கவும். அவ்வளவு நெருக்கத்தில் ரிப்பன் கனத்துப்போகும், தகட்டுக்கும் ஆபத்து.

ஒலி வந்து வந்து மறைகிறது

வாசிப்பவர் நகர்கிறார். எட்டு வடிவத்தில் பக்கவாட்டுக்கு ஓரடி வைத்தாலே இழப்பு தெரியும். தனி ஆவர்த்தனத்தில் ஆழ்ந்தவரைக் கட்டிப்போட முடியாது. 1956இல் நியூபோர்ட்டில் டியூக் எலிங்டன் குழுவின் சாக்ஸஃபோன் கலைஞர் பால் கோன்சால்வ்ஸ் 27 சுற்றுகள் நீண்ட அந்தப் புகழ்பெற்ற தனி வாசிப்பை, இசைத்தட்டு நிறுவனம் வைத்திருந்த மைக்கை விட்டுவிட்டு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். 1999இல் இரு பதிவுகளையும் சேர்த்து மறுவெளியீடு செய்தபோதுதான் அது தெளிவாகக் கேட்டது. நிற்கும் இடத்தைத் தரையில் டேப்பால் குறித்து, அவரிடம் பணிவாகக் காட்டிவிடுவதோடு, நகர்பவர் என்று தெரிந்தால் கிளிப் மைக் ஒன்றைத் துணைக்கு வைக்கவும்.

ஹம் கேட்கிறது

மைக்கை நின்ற இடத்திலேயே மெல்லச் சுழற்றவும். ஹம் ஏறி இறங்கினால், அருகிலுள்ள கிட்டார் ஆம்பின் மின்மாற்றியோ விளக்குகளின் டிம்மர் பெட்டியோ காந்தப்புலத்தை மைக்கின் மின்மாற்றிக்குள் ஊட்டுகிறது; குறைவாக உள்ள கோணத்தில் நிறுத்தவும், அல்லது அரை மீட்டர் விலக்கவும். சுழற்றியும் மாறாவிட்டால் அது கேபிள் அல்லது நிலத்தொடர்பின் கோளாறு.

தாழ்ந்த சுரங்களில் தாள் உரசுவது போலக் கரகரக்கிறது

இந்த அறிகுறிக்கு மேடையில் மருந்து இல்லை. தகடு தொய்ந்து காந்த முனையை உரசுகிறது, அல்லது இடைவெளியில் இரும்புத் துகள் புகுந்திருக்கிறது. மேடை அமைப்பவர்கள் இரும்புச் சட்டங்களை அறுத்துத் துளையிட்ட இடத்தில், திறந்து கிடக்கும் ரிப்பன் மைக்கின் காந்தம் துகள்களைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். உறுதிப்படுத்த, அதே வகை மைக் மற்றொன்றைப் பக்கத்தில் வைத்து, ஒரே கெயினில், ஒரே தூரத்திலிருந்து தாழ்ந்த குரலில் பேசிப் பார்க்கவும். ஒன்று தெளிவாக மெலிந்தோ மங்கியோ கரகரத்தோ கேட்டால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் எஸ்எம்57 போன்ற டைனமிக் ஒன்றைப் போட்டு நிகழ்ச்சியைத் தொடரவும். வலையைத் திறந்து ஊதித் துடைக்கும் முயற்சி மீதமிருக்கும் தகட்டையும் கிழித்துவிடும்.

தகடு தொய்வது பெரும்பாலும் நிகழ்ச்சியின்போது இல்லை, குழு மாறும் அவசரத்தில்தான். மைக்கைக் கையில் பிடித்து வீசி நடந்தாலே தகட்டுக்கு அது புயல்; உறை போட்டு, நிமிர்த்திப் பிடித்துக் கொண்டு செல்லவும், ஸ்டாண்டில் மாட்டி வாசிப்பவர் வரும் வரை உறையைக் கழற்ற வேண்டாம். லைன் செக் செய்யும் உதவியாளர் பழக்க தோஷத்தில் மைக்கில் ‘ஃபூ’ என்று ஊதாமலிருக்க, ஸ்டாண்டில் ‘ஊதாதீர்’ என்று டேப்பில் எழுதி ஒட்டவும். மழை தூறத் தொடங்கினால் முதலில் கழற்ற வேண்டியவை இவைதான். பழுதான மைக்கில் அறிகுறியையும், எந்த வாத்தியத்தின் முன் எவ்வளவு தூரத்தில் நின்றது என்பதையும் எழுதிச் சீட்டுக் கட்டி, நிமிர்ந்த நிலையில் பெட்டியில் வைத்து, தகடு மாற்றும் பணிமனைக்கு அனுப்பவும்.